குளியலறையை எண்ணுங்கள், பிறகு அறையை எண்ணலாம்

கேள்வி: நாங்கள் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் வசிக்கிறோம். தங்கையின் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பத்துமலையில் முடியிறக்குவதாக அம்மாவுக்கு ஒரு வேண்டுதல். கோயம்புத்தூரிலிருந்து பெரியப்பா மகன் அண்ணனும் அண்ணியும் அவர்களுடைய இரு மகன்களும் (19, 17) வருகிறார்கள். எங்கள் வீட்டில் நான், கணவர், 15 வயது மகள், 11 வயது மகன், 6 வயது மகள். தங்கை, அவள் கணவர், குழந்தை. முட்டிவலியுள்ள 76 வயது அம்மா. மொத்தம் 13 பேர், மூன்று இரவுகள். தங்குவதற்கு 2,000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறோம். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் மூன்று படுக்கையறை கொண்டோ (அடுக்கக வீடு) ஒன்று இரவுக்கு 420 வெள்ளிக்குக் கிடைக்கிறது, மாடியில் நீச்சல்குளமும் உண்டு என்கிறார் தங்கை கணவர். அண்ணன் ஒரே ஓட்டலில் ஐந்து அறை எடுக்கச் சொல்கிறார். செந்தூலில் உறவினர் வீடு இருக்கும்போது காசை ஏன் கரைக்க வேண்டும் என்பது அம்மாவின் கேள்வி. தேதி முடிவாகவில்லை, தைப்பூசத்தை ஒட்டி வரலாமா என்றும் யோசனை. ஊரிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு வருவோம். எது சரி?
— சுங்கை பட்டாணி வாசகி

அன்புச் சகோதரிக்கு,

காசு கொடுத்துத் தங்கும் யோசனைகளில் விலை குறைந்தது எது என்று கேட்டால், கொண்டோதான். அதை மறைக்க விரும்பவில்லை. மூன்று இரவுக்கு 1,260 வெள்ளி. துப்புரவுக் கட்டணம் என்று 100, 150 கூட்டுவார்கள். அப்படியும் நான் கீழே சொல்லப்போகும் ஏற்பாட்டைவிட 500 வெள்ளிக்கு மேல் மிச்சம். ஆனாலும் உங்கள் குடும்பத்துக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கோலாலம்பூரில் ஓட்டல் முன்மேசையிலும் முன்பதிவுப் பிரிவிலுமாக 24 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது பிரிக்பீல்ட்ஸில் சிறியதொரு பயண அலுவலகம் வைத்திருக்கிறேன். குடும்பமாக வருபவர்கள் எல்லோரும் படுக்கையைத்தான் எண்ணுகிறார்கள். குளியலறையை யாரும் எண்ணுவதில்லை. நீங்கள் வருவது வேண்டுதலுக்கு. அன்று காலை எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் கிளம்புவீர்கள். குழந்தையை விட்டால் 12 பேர். ஆளுக்குக் கால் மணி நேரம். கொண்டோவில் இரண்டு குளியலறை இருந்தால் ஒன்றரை மணி நேரம் வரிசை. நான்கு இருந்தால் முக்கால் மணி நேரம். ஆறரைக்குப் புறப்பட வேண்டும் என்றால் கொண்டோவில் முதல் ஆள் ஐந்துக்கு முன்பே எழ வேண்டும். 15 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள் என்ற தைரியத்தில் போட்ட கணக்கு இது.

கொண்டோ விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மூன்று படுக்கையறை என்றால் வழக்கமாக ஆறு முதல் எட்டுப் பேர் வரைதான் வீட்டுக்காரர் அனுமதிப்பார். மீதிப் பேருக்குக் கூடத்தில் டோட்டோ மெத்தையை விரித்துக்கொள்ளலாம் என்று அவர் வாய்வார்த்தையாகச் சொல்லலாம். கீழே காவலர் அறையில் பெயர் பதியும்போது 13 பேர் வரிசையாக நின்றால் அந்த வாய்வார்த்தை செல்லாது. குறுகிய கால வாடகையையே தடை செய்யும் அடுக்ககங்களும் உண்டு. அப்படித் தடை செய்ய நிர்வாகக் குழுவுக்கு உரிமை உண்டு என்று 2020இல் கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. மோண்ட் கியாராவில் உள்ள ஓர் அடுக்ககத்தின் வழக்கு அது. பணம் கட்டிய பிறகு, இரவு எட்டு மணிக்கு, பெட்டிகளோடு வாசலில் நின்றுகொண்டு அந்தத் தீர்ப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளும்படி ஆகிவிடக்கூடாது. ஏழெட்டுப் பேர், ஒரு வாரத் தங்கல், விடியற்காலை வேலை எதுவும் இல்லை என்றால் நானே கொண்டோவைத்தான் சொல்லியிருப்பேன். அப்போதும் வரவேற்பு மேசை வைத்து நிறுவனமே நடத்தும் சர்வீஸ் அபார்ட்மெண்டாகப் பார்ப்பேன்.

செந்தூல் உறவினர் வீட்டுக்கு ஒருவேளை சாப்பாட்டுக்குப் போய் வாருங்கள். பழம், இனிப்பு வாங்கிக்கொண்டு போங்கள். 13 பேரோடு தங்கப் போகாதீர்கள். "ஏன், எங்கள் வீட்டில் இடமா இல்லை?" என்று அவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சிரித்துவிட்டு வந்தால் உறவு நீடிக்கும்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஒரே ஓட்டல், ஆனால் ஐந்து அறை தேவையில்லை, நான்கு போதும். அண்ணன் குடும்பம் நால்வருக்கும் இரண்டு பெரிய கட்டில் போட்ட குடும்ப அறை ஒன்று. நீங்கள், கணவர், மகன், சின்ன மகள் நால்வருக்கும் அதேபோல இன்னொன்று. தங்கை, அவள் கணவர், குழந்தைக்கு ஒரே பெரிய கட்டில் போட்ட டபுள் அறையும் தொட்டிலும்; தொட்டிலைப் பல ஓட்டல்கள் இலவசமாகத் தருகின்றன, ஆனால் கையிருப்பு ஒன்றோ இரண்டோதான் இருக்கும், இப்போதே சொல்லிவைக்க வேண்டும். அம்மாவுக்கும் உங்கள் பெரிய மகளுக்கும் இரண்டு தனிக் கட்டில் போட்ட ட்வின் அறை. இரவில் அம்மா எழுந்தால் பக்கத்தில் ஆள் இருக்கும். பெண்ணுக்கும் தம்பி தங்கையின் தொல்லை இல்லாத மூன்று இரவுகள் கிடைக்கும், அவள் மறுக்கமாட்டாள்.

விலைக்கு வருவோம். பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா வட்டாரங்களில் இரண்டு, மூன்று நட்சத்திர ஓட்டல்களில் சாதாரண நாளில் டபுள் அறை 120 வெள்ளியை ஒட்டியும் குடும்ப அறை 200 வெள்ளியை ஒட்டியும் தேடினால் கிடைக்கும். இரண்டு குடும்ப அறை 400, மற்ற இரண்டும் 240. இரவுக்கு 640, மூன்று இரவுக்கு 1,920. விலையைக் கேட்கும்போது "நெட்டா?", அதாவது வரியெல்லாம் சேர்ந்ததா, என்று ஒரு சொல் சேர்த்துக் கேளுங்கள். சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. அது சேராத விலையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் சேர்த்தால் 1,920 என்பது 2,070ஐத் தாண்டிவிடும், உங்கள் பட்ஜெட்டும் அங்கேயே உடைந்துவிடும்.

இதோடு சுற்றுலா வரி. வெளிநாட்டு விருந்தினர்களுக்கு மட்டும், ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. 2017இலிருந்து இருக்கிறது. மலேசியர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது, அடையாள அட்டையைக் காட்டினால் போதும். ஆளுக்கு என்றில்லாமல் அறைக்கு என்று இருப்பதால்தான் அண்ணன் குடும்பத்தை ஒரே அறையில் போட்டேன். அவர்கள் இரண்டு அறை எடுத்தால் மூன்று இரவுக்கு 60 வெள்ளி, ஒரே அறை என்றால் 30. இந்த வரியை இணையத்தில் முன்பணம் கட்டியபோதே வாங்கியிருக்காவிட்டால் மேசையில் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று அண்ணன் கோபப்படுவதற்கு முன்பே சொல்லிவையுங்கள். (கோயம்புத்தூர்க்காரருக்கு ஓட்டல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாப்பாட்டுக் கடை. "ஓட்டலில் நான்கு ரூம் போட்டாச்சு" என்று செய்தி அனுப்பினால் குழம்பிப்போவார். இது அனுபவம்.)

எந்த வட்டாரம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை, பிரிக்பீல்ட்ஸ்தான். என் அலுவலகம் அங்கே இருப்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி. கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொம்யூட்டர் ரயில் பத்துமலை வாசல்வரை நேராகப் போகிறது, கட்டணம் மூன்று வெள்ளிக்கும் குறைவு. எல்ஆர்டியில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி; இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க அதன் பக்கத்திலேயே படுக்க வேண்டியதில்லை. முக்கியமாகச் சாப்பாடு. காலையில் தோசை, மதியம் வாழையிலைச் சோறு, வேண்டுதல் நாளில் சைவம் என்று எதற்கும் அலைய வேண்டாம். ஆகவே ஓட்டல் காலையுணவு சேர்ந்த விலையை எடுக்காதீர்கள். அது அறைக்கு இருவருக்கு மட்டும் என்பதால் குடும்ப அறையில் மீதி இருவருக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள்.

மஸ்ஜித் இந்தியா இரண்டாவது தேர்வு. அண்ணியும் தங்கையும் புடவை வாங்கும் உத்தேசத்தோடு வந்தால் ஒருவேளை முதல் தேர்வாகவும் ஆகலாம். சௌகிட் பக்கம் அறை இன்னும் மலிவு, ஆனால் இரவில் பிள்ளைகளோடு நடக்க எனக்குப் பிடிக்காது. புக்கிட் பிந்தாங் சுற்றிப் பார்க்க நன்றாக இருக்கும். ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூங்கவைக்க அது தோதான இடமில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ஓட்டல்களில் ஒரு சங்கடம் உண்டு. என் தலையிலேயே விழுந்தது. பல ஓட்டல்கள் பழைய கடைவரிசைக் கட்டடங்களில் இருப்பவை. கீழே கடை, மேலே ஓட்டல். சில ஆண்டுகளுக்கு முன் என் மாமியாரை அப்படி ஓர் இடத்தில் தங்கவைத்தேன். தொலைபேசியில் "லிப்ட் இருக்கிறதா?" என்று கேட்டேன், "இருக்கிறது" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. லிப்ட் முதல் மாடி வரவேற்பு மேசையிலிருந்து தொடங்கியது. தெருவிலிருந்து அந்த மேசைக்கு ஏற 17 படிகள், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. ஒன்பதாவது படியில் மாமியார் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் போத்தலோடு பக்கத்தில் நின்றேன். மேலே ஏறுபவர்களும் கீழே இறங்குபவர்களும் எங்களைத் தாண்டிக்கொண்டு போனார்கள். "ஓட்டல் வேலையில் இத்தனை வருஷம் இருந்தீங்களாமே, மாப்பிள்ளை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் லிப்ட் இருக்கிறதா என்று கேட்பதில்லை, "தெருவிலிருந்து லிப்டுக்குள் போக எத்தனை படி?" என்று கேட்கிறேன். உங்கள் அம்மாவுக்காக நீங்களும் அப்படியே கேளுங்கள். ஒன்றிரண்டு படி என்றால் சமாளிக்கலாம். பதில் சொல்ல யோசித்தார்கள் என்றால் அடுத்த ஓட்டலுக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது கேள்வி ஜன்னல். கோலாலம்பூரில் மலிவு அறைகள் பலவற்றில் ஜன்னலே கிடையாது. படத்தில் திரைச்சீலை தொங்கும், விலக்கினால் சுவர் இருக்கும். இளைஞர்கள் இரண்டு பேர் தூங்கி எழுந்து போக அது போதும். குழந்தைக்கும் அம்மாவுக்கும் ஜன்னல் வேண்டும். நான்கு அறைக்கும் கேட்காமல் அந்த இரண்டுக்கு மட்டும் கேட்டால் விலையும் அதிகம் ஏறாது. சாலைப் பக்கத்து அறை வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். துன் சம்பந்தன் சாலையில் வாகன இரைச்சல் அடங்க வெகுநேரம் ஆகும்.

இனித் தேடும் முறை. முன்பதிவுத் தளங்களில் "நான்கு அறை, 12 பேர்" என்று போட்டுத் தேடாதீர்கள். ஓர் ஓட்டலில் மலிவு விலையில் இரண்டு அறைதான் மிச்சம் இருக்கிறது என்று வையுங்கள். நான்கு என்று கேட்டால் நான்கும் ஒன்றாகக் கிடைக்கும் மேல் விலையைத்தான் காட்டும். ஒவ்வோர் அறையாகத் தேடினால் அந்த மலிவு அறைகள் கண்ணில் படும். பிள்ளைகளின் வயதையும் உள்ளபடி போடுங்கள். பெரும்பாலும் 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களை, கூடுதல் கட்டில் கேட்காதவரை, கணக்கில் சேர்க்கமாட்டார்கள். உங்கள் மகனுக்கு 11, இன்னும் தப்பிக்கிறான்.

தளத்தில் பார்த்த விலையைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டலுக்கு நேரடியாகத் தொலைபேசி செய்யுங்கள். வார நாளில், மதியம் இரண்டரைக்கு மேல் நான்குக்குள். பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் அறையைக் காலி செய்துகொண்டிருப்பார்கள். அப்போது கேட்டால் எனக்கே பதில் சொல்லப் பொறுமை இருந்ததில்லை. முன்பதிவுப் பிரிவில் பேசுபவரிடம், "நான்கு அறை, மூன்று இரவு, குடும்பம். தளத்தில் இந்த விலை பார்த்தேன். உங்களிடம் நேராக எடுத்தால் நெட் என்ன?" என்று கேளுங்கள். நான்கு அறைக்குக் குழு விலை என்று அதிகாரபூர்வமாக எதுவும் வராது, அதற்கு எட்டுப் பத்து அறையாவது வேண்டும். ஆனால் தளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சமாவதால் பத்து, இருபது வெள்ளி குறைக்கவோ, மூன்று மணிக்கு முன்பே அம்மாவுக்கு மட்டும் அறை கொடுக்கவோ அவர்களால் முடியும். என்னைக் கேட்டால், இரண்டாவதையே வாங்குவேன்.

பேசி முடித்ததும் யார் யார் எந்த அறை என்று ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள். ஓட்டல்காரர்கள் அதை ரூமிங் லிஸ்ட் என்பார்கள். அது கையில் வந்தால் நீங்கள் விவரம் தெரிந்தவர் என்று முன்மேசை புரிந்துகொள்ளும். நான்கு அறையும் ஒரே மாடியில் வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். பக்கத்துப் பக்கத்து அறை வேறு, உள்ளே கதவு வைத்த கனெக்டிங் ரூம் வேறு. மலிவு ஓட்டல்களில் பின்னது அரிது, உங்களுக்கு அது தேவையும் இல்லை. உறுதிக் கடிதம் வந்ததும் அம்மாவின் அறைக்கு ட்வின் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். டபுள் என்று வந்திருந்தால் அன்றே திருத்துங்கள்.

தைப்பூசம் வேண்டாம். தைப்பூசத்துக்கு முன்பே ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து ரதம் புறப்படும் வட்டாரமும் அது போகும் வழியும் ஓட்டல்காரர்களுக்குத் தெரியும், விலையும் அதற்கேற்ப ஏறும். அந்தக் கூட்டத்தில் முட்டிவலிக்காரரையும் கைக்குழந்தையையும் கொண்டுபோவது வேண்டுதலுக்கு மேல் இன்னொரு வேண்டுதல் வைப்பதற்குச் சமம். முடியிறக்க எந்த நல்ல நாளும் ஆகும் என்று அம்மாவிடம் பேசிப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் வருவதானால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் இரவுகளை எடுங்கள். வெள்ளியும் சனியும் இரவு விலை ஏறும், ஞாயிறு மாலை இறங்கிவிடும். கெடாவில் வெள்ளி, சனி வார விடுமுறை என்பதால் நீங்கள் பழக்கதோஷத்தில் வியாழன் மாலை வேனில் ஏறிவிடுவீர்கள். விலை ஏறும் இரவுகள் இரண்டும் அப்படியே உங்கள் தலையில்.

வேன் என்றதும்தான் நினைவுக்கு வருகிறது. 13 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஓட்டுநரை மறந்துவிட்டீர்கள். அவருக்கும் படுக்கை வேண்டும். அவருக்கு ஓர் அறை என்றால் மூன்று இரவுக்கு 300 வெள்ளியாவது ஆகும். உயரக் கூரை வேன் பல கட்டடங்களின் கீழ்த்தள நிறுத்துமிடத்துக்குள் நுழையாது, வெளியே நாள் கட்டணத்துக்கு நிறுத்த வேண்டும். ஊரிலிருந்து வருபவர்கள் ஒன்பது பேர்தான். சுங்கை பட்டாணியிலிருந்து இடிஎஸ் ரயில் நேராகக் கேஎல் சென்ட்ரலுக்கு வருகிறது. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், விடுமுறைக் காலத்தில் நிற்காமல் தீர்ந்துவிடும். நிலையத்திலிருந்து ஓட்டல் பக்கம்தான் என்றாலும் அம்மாவை நடக்கவைக்காமல் கிராப் வண்டியில் ஏற்றுங்கள். பத்துமலை போகும் காலையில் மட்டும் இரண்டு ஆறு இருக்கை வண்டிகள். திரும்பும்போது பிள்ளைகள் கொம்யூட்டரில் வரட்டும்.

அண்ணன் குடும்பம் விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் வந்தால் அரை மணி நேரம்போலத்தான், ஆனால் வழக்கமான கட்டணம் ஆளுக்கு 55 வெள்ளி. நால்வருக்கு 220. கேஎல் சென்ட்ரலுக்கு வரும் பஸ்ஸில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. வந்து சேர்வதற்கு முன் மூன்று நாளுக்குள் அவர்கள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். அதில் தங்குமிட முகவரி கேட்பார்கள், ஆகவே ஓட்டல் பெயரை அதற்குள் அனுப்பிவிடுங்கள்.

வந்து சேரும் அன்று கையில் ரொக்கம் 400 வெள்ளி தனியாக வைத்திருங்கள். அறைக்கு 50 முதல் 100 வரை வைப்புத்தொகை கேட்பார்கள், அறையைக் காலி செய்யும்போது திருப்பித் தருவார்கள். அட்டையில் பிடிக்கச் சொன்னால் அந்தப் பணம் திரும்பி வரச் சில நாளாகும். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். இந்த விலை ஓட்டல்களின் குளியலறையில் ஷவர் மட்டும்தான் இருக்கும், வாளி இராது. முட்டிவலி உள்ளவர் ஷவரின் கீழ் வழுக்கும் தரையில் நின்று தலைக்குக் குளிப்பது ஆபத்து. வந்த அன்று மாலையே பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு குவளை, உட்கார ஒரு சின்ன முக்காலி வாங்கி அம்மாவின் அறையில் வைத்துவிடுங்கள். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய பிள்ளை பத்துமலையிலிருந்து வந்ததும் தண்ணீர் ஊற்ற அதே வாளி வேண்டியிருக்கும்.